இருநூறு முறை ருசி பார்த்தவர்

தொழில் கற்க வரும் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்ல நினைப்பவர்கள் கையில் இப்போது ஒரு படம் இருக்கிறது. டேவிட் கெல்ப் இயக்கி 2011இல் வெளிவந்த 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' என்ற ஆவணப்படம். "85 வயதிலும் இந்த மனிதர் எப்படி உழைக்கிறார் பாருங்கள், நீங்கள் ஆறு மாதத்தில் சலித்துக்கொள்கிறீர்களே" என்று சொல்லித்தான் பெரும்பாலும் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவுக்குப் பாடம் எடுப்பவன் நான். என் மாணவர்களுக்கும் இந்தப் படத்தைக் காட்டுகிறேன். ஆனால், கற்றுக்கொள்ள வந்தவனைவிட, கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருப்பவர்தான் இதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஜிரோ ஓனோ 1925இல் பிறந்தவர். பிள்ளைப் பருவத்திலேயே வீட்டைவிட்டு வெளியேறி வேலைக்குப் போனவர். டோக்கியோவின் கின்சா பகுதியில், சுரங்க ரயில் நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் 1965இல் 'சுகியபாஷி ஜிரோ' என்ற கடையைத் தொடங்கினார். மொத்தம் 10 இருக்கைகள். சுஷியைத் தவிர வேறெதுவும் கிடையாது. அந்தச் சின்னக் கடைக்குத்தான் 2007இல் மிஷெலின் வழிகாட்டி நூல் மூன்று நட்சத்திரம் கொடுத்தது. சாப்பிட வந்தவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர் என்று தெரிந்தால், அடுத்த சுஷியை அவர் கைக்கு வாகாக இடப்பக்கம் வைப்பார் ஜிரோ. சோறு உடல் சூட்டில் இருக்க வேண்டும். ஆக்டோபஸை முன்பெல்லாம் அரை மணி நேரம் கையால் பிசைந்தவர்கள், இன்னும் மிருதுவாக வரட்டும் என்று முக்கால் மணி நேரத்துக்குக் கூட்டியிருக்கிறார்கள். 80 வயதைத் தாண்டிய பிறகும் செய்முறையை மாற்றிப் பார்க்கிற மனிதர் அவர்.

இதெல்லாம் எல்லோரும் வியந்து பேசும் விஷயங்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, டைசுகே நகசாவா என்ற உதவியாளர் முட்டைப் பண்டம் செய்யும் பகுதியை.

அந்தக் கடையில் சேரும் பையன் முதலில் கொதிக்கும் சூட்டில் இருக்கும் துண்டுகளைக் கையால் பிழியப் பழக வேண்டும். விரல் வெந்துபோகும் சூடு. அது தேறினால்தான் மீன் பக்கம் போகலாம். ஒரே நாளில் விட்டுவிட்டுப் போனவரும் உண்டு. முட்டையில் கைவைக்கவே சுமார் 10 ஆண்டுகள் ஆகும். முட்டையோடு இறாலையும் ஒருவகைக் கிழங்கையும் அரைத்துக் கலந்து, கேக் போல மெத்தென்று எடுக்க வேண்டிய பண்டம் அது. பார்த்துப் பழகியாயிற்று, எளிதில் வந்துவிடும் என்றுதான் நகசாவா நினைத்திருக்கிறார். வரவில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவைகூடச் செய்திருக்கிறார். மாதங்கள் ஓடின. இருநூறுக்கும் மேற்பட்ட முயற்சிகள் தள்ளப்பட்டன. கடைசியில் ஒருநாள் ஜிரோ, "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று ஒப்புக்கொண்டபோது அழுதுவிட்டதாக நகசாவா சொல்கிறார்.

இதை எல்லோரும் மாணவனின் பொறுமைக்குச் சான்றாகச் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் நின்றவரையும் பாருங்கள். இருநூறு முறை தள்ள வேண்டுமென்றால், இருநூறு முறை ருசி பார்க்க ஓர் ஆள் வேண்டும். "ஏதோ இருக்கிறது, விடு" என்று ஒருமுறைகூடச் சொல்லாத ஆள். தேறாமல் போன அத்தனை முட்டைக்கும் இறாலுக்கும் இடம் கொடுத்த ஓர் அடுப்படி வேண்டும். "உனக்கு வராது, போ" என்று அனுப்பிவிடாத ஒரு கடை வேண்டும்.

என் தொழிலில் இது அன்றாடப் பாடு. ஃபிட்டர் பிரிவுக்கு வரும் பையனுக்கு முதல் வேலை, இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவுவது. கேட்பதற்கு ஒன்றுமில்லை. ராவிய முகத்தில் ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தெரியும்: நடுவில் மேடு, இரண்டு ஓரமும் இறக்கம், இடுக்கில் வெளிச்சம் கசியும். அரத்தை முன்னே தள்ளும்போது கை தாழ்ந்து எழுவதால் வரும் கோளாறு அது. பையனின் கண்ணுக்கு முதலில் அந்த வெளிச்சம் படவே படாது. பக்கத்தில் நின்று, "இதோ பார், இங்கே" என்று காட்ட வேண்டும். அடுத்த துண்டிலும் காட்ட வேண்டும். அவனே பார்த்து, "சார், இன்னும் நடுவுல நிக்குது" என்று சொல்லும் நாளில்தான் அவனுக்குத் தொழில் பிடிபடத் தொடங்குகிறது. காட்ட ஆளில்லாமல் அவன் நூறு துண்டு ராவினாலும், அதே தப்பை நூறு முறை பழகியிருப்பான், அவ்வளவுதான்.

ஜிரோவும் தனியாள் இல்லை. 70 வயதில் மாரடைப்பு வந்த பிறகு, சந்தைக்குப் போய் மீன் பார்த்து வாங்குவதை மூத்த மகன் யோஷிகசு ஏற்றுக்கொண்டார். சூரைமீனுக்கு ஒருவர், இறாலுக்கு ஒருவர், அரிசிக்கு ஒருவர் என்று அவரவர் சரக்கில் கரைகண்ட வியாபாரிகள் பின்னால் நிற்கிறார்கள். மிஷெலின் சோதனையாளர்கள் வந்தபோது அவர்களுக்குச் சுஷி பிடித்துக் கொடுத்தது யோஷிகசுதான் என்று படத்தில் சொல்கிறார் உணவு விமர்சகர் மசுஹிரோ யமமோட்டோ. தன் கைக்கு வருவதற்குள் பெரும்பகுதி வேலை முடிந்துவிடுகிறது, பெயர் மட்டும் தனக்கு வருகிறது என்று ஜிரோவே ஒப்புக்கொள்கிறார். ஒருவரின் விடாமுயற்சிக் கதையாக மட்டும் இந்தப் படத்தைக் காட்டினால், இத்தனை பேரையும் மறைத்தவர்கள் ஆவோம்.

ஜிரோவிடம் எல்லாமே பின்பற்றத் தக்கது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது அவர் வீட்டில் இருந்ததே அரிது. விடுமுறை நாளில் படுத்திருந்த அப்பாவை யாரோ அந்நியர் என்று நினைத்தார்களாம். மகன்கள் கல்லூரிக்குப் போக ஆசைப்பட்டும் கடைக்கே வரவேண்டியதாயிற்று. அந்த விலையை வீட்டார் கொடுத்தார்கள். அதை இளைஞர்களுக்கு முன்மாதிரியாக வைக்கக் கூடாது.

எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ் நிறுவனங்கள் இளைஞர்களைப் பயிற்சிக்கு எடுக்கின்றன. நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போன என் மாணவர்களின் கை பேசுகிறது. ஆனால், "மெஷின் பக்கமே விடலை சார், பெட்டி தூக்கினேன், பீஸ் எண்ணினேன்" என்று வந்து சொல்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பையனும் ஒரு வருடம் பொறுமையாகத்தான் இருந்தான். அவன் செய்ததைக் கையில் வாங்கிப் பார்க்க அங்கே யாரும் இல்லை. அவனைப் பார்த்து "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்லை" என்று சொல்வது அநியாயம்.

நகசாவா 2013இல் நியூயார்க்கில் தன் பெயரிலேயே கடை திறந்து புகழ்பெற்றார். ஜிரோ 2025 அக்டோபரில் நூறு வயதைத் தொட்டார். குருவின் கைவேலை குருவோடு போய்விடாமல் கடல் தாண்டி நிலைத்ததற்குக் காரணம், அன்று யாரோ ஒருவர் சலிக்காமல் ருசி பார்த்ததுதான்.

ஆகவே, இந்தப் படத்தை மாணவர்களுக்குக் காட்டும் நிறுவனங்கள் அதே நாளில் மேற்பார்வையாளர்களையும் உட்காரவைத்துக் காட்டட்டும். பழகுநர் ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு மூத்த தொழிலாளியைப் பொறுப்பாக்கட்டும். அவர் தினம் அரை மணி நேரமாவது அந்தப் பையனின் வேலையைப் பார்த்துத் திருத்த, சம்பளத்தோடு நேரம் ஒதுக்கட்டும். வீணாகும் இரும்பைப் பயிற்சிச் செலவில் எழுதட்டும். இத்தனையும் செய்த பிறகு பையனிடம் பொறுமையைக் கேட்போம்.