பாவம் ஓரிடம், பழி வெள்ளரிக்காய் மேல்!

காய்கறியும் கீரையும் முட்டையும் பாலும் உற்பத்தி செய்து ஊருக்கே சோறு போடும் விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே!

எங்கேயாவது பத்துப் பேருக்கு வாந்தி பேதி என்றால் போதும். என்ன சாப்பிட்டார்கள், எங்கே சாப்பிட்டார்கள் என்று விசாரிப்பதற்கு முன்பே "எல்லாம் காய்கறியில் அடிக்கிற மருந்துதான்" என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. மறுநாள் மண்டியில் விலை விழுகிறது. விழுந்த விலைக்கு யார் பொறுப்பு? ஒருத்தரும் இல்லை! இது நம்ம ஊர் சங்கதி மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். விஞ்ஞானத்தில் கொடிகட்டிப் பறக்கிற ஜெர்மனியிலேயே நடந்திருக்கிறது.

2011 மே மாதம், வடக்கு ஜெர்மனியில் ரத்த பேதியோடு ஜனங்கள் ஆஸ்பத்திரிகளில் குவிந்தார்கள். ஈ.கோலி கிருமியில் கொடிய ரகம் ஒன்று. பலருக்குச் சிறுநீரகம் பழுதாகிப் போனது. கடைசிக் கணக்கில் 3,800 பேருக்கு மேல் நோய், 53 சாவு. இப்படிச் சாகும்போது அதிகாரிகள் பதறத்தான் செய்வார்கள், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் மே 26 அன்று ஹாம்பர்க் சுகாதாரத் துறை, ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்தான் காரணம் என்று அறிவித்துவிட்டது. அந்தக் காயில் கிருமி இருந்தது வாஸ்தவம். ஆனால் நோயாளிகளின் உடம்பில் இருந்த ரகம் அது இல்லை! மே 31 அன்று இதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கைரேகை ஒத்துப்போகிறதா என்று பார்க்காமலே ஆளுக்கு விலங்கு மாட்டிய கதைதான்.

ஐந்து நாள்தானே என்கிறீர்களா? வெள்ளரி ஐந்து நாள் காத்திருக்குமா? பறித்த காயை வாங்க நாதியில்லாமல் குப்பையில் கொட்டினார்கள். வாரத்துக்கு 20 கோடி யூரோ நஷ்டம் என்று ஸ்பெயின் தரப்பு கணக்குச் சொன்னது. ஜூன் 2 அன்று ரஷ்யா ஐரோப்பிய ஒன்றியத்தின் பச்சைக் காய்கறி மொத்தத்துக்கும் தடை போட்டது. பொய் என்று தெரிந்த பிறகும் அடி விழுந்துகொண்டே இருந்தது.

உண்மையான குற்றவாளி எப்படிப் பிடிபட்டது தெரியுமா? நோயாளியிடம் "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டால் தக்காளி, வெள்ளரி, கீரை என்றுதான் சொல்வார்கள். மேலே தூவிய ஒரு பிடி முளைப்பயறு யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் லூபெக் நகரத்து ஹோட்டல் ஒன்றில் ரூட்டை மாற்றினார்கள். யார் யார் எந்தத் தட்டு வாங்கினார்கள் என்று பார்த்து, அந்தத் தட்டில் என்னென்ன போட்டாய் என்று சமையல்காரரைக் கேட்டார்கள். முளைப்பயறு போட்ட தட்டு வாங்கியவர்களுக்கு நோய் வந்தது மற்றவர்களைவிடச் சுமார் 14 மடங்கு! ஜூன் 10 அன்று வெள்ளரி, தக்காளி, கீரை மீதான எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள். அப்புறம் பிரான்சில் போர்டோ பக்கத்தில் வந்த நோயையும் சேர்த்துப் பில், ரசீது, மூட்டை எல்லாம் துருவியபோது, இரண்டுக்கும் பொதுவாக நின்றது எகிப்திலிருந்து 2009ல் இறக்கிய வெந்தய விதை. எகிப்து அரசு மறுத்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதுவே காரணமாக இருக்கக் கூடும் என்று முடிவு சொன்னது. விதையில் கொஞ்சம் கிருமி ஒட்டியிருந்தாலும், முளைகட்டுகிற ஈரத்திலும் கதகதப்பிலும் கோடியாகப் பெருகிவிடும்.

2008ல் அமெரிக்காவிலும் இதே கூத்துதான். சால்மோனெல்லா கிருமியால் சுமார் 1,500 பேருக்கு நோய். முதலில் தக்காளியைச் சாப்பிடாதே என்றார்கள், பிறகு பார்த்தால் மெக்சிகோ மிளகாய். தக்காளி விவசாயி நடுத்தெருவில் நின்றான்.

ஒரு விஷயம் மட்டும் மனசில் வையுங்கள். வெள்ளரிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, சண்டை போட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் காய்கறி விவசாயிகளுக்கு 22 கோடி யூரோவுக்கு மேல் நஷ்டஈடு கொடுத்தது. பட்ட நஷ்டத்துக்கு அது கால் தூசி என்றாலும், கொடுத்தது!

இங்கே? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, கெட்டுப்போன உணவைச் சாப்பிட்டுச் செத்தவர் குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் என்று 65ஆம் பிரிவில் சொல்கிறது. நல்லது, வேண்டியதுதான். நாமும் ஹோட்டலில் சாப்பிடுகிறவர்கள்தான், நம்ம பிள்ளைகளும் பரோட்டா தின்கிறவர்கள்தான். ஆனால் தவறான அறிவிப்பால் விலை போன விவசாயிக்கு என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூட நம் கண்ணில் படவில்லை.

நோய்க் கண்காணிப்பே வேண்டாம் என்று சொல்ல நாம் பைத்தியக்காரர்கள் அல்ல. கண்காணிப்பு அரைகுறையாக இருப்பதுதான் நமக்கு ஆபத்து. 2004ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மாவட்டந்தோறும் பிரிவு உண்டு. ஆனால் பேதிக்காரன் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டால் எந்தக் கணக்கில் வருவான்? மலப் பரிசோதனை செய்யாமல் கிருமியின் ரகம் எப்படித் தெரியும்? பத்து விவசாயி காய் ஒரே குவியலாகக் கொட்டப்படுகிற மண்டியில் எது யார் காய் என்று யார் சொல்வது? தடம் தெரியாவிட்டால் பழி எல்லார் தலையிலும்தான் விழும்.

சரியாகவும் செய்ய முடியும். 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்தபோது, முட்டை ஆபத்து என்று சொல்லவில்லை. செய்முறையைச் சுட்டிச் சொன்னது.

ஆகவே நாம் கேட்கிறோம்: நோயாளியிடம் கண்ட ரகமும் உணவில் கண்ட ரகமும் ஒன்று என்று ஆய்வகம் சொன்ன பிறகே விளைபொருளின் பெயரைக் காரணம் என்று அறிவிக்க வேண்டும். சாவு துரத்தும்போது முன்னெச்சரிக்கையாகச் சொல்ல நேர்ந்தால், சந்தேகம் மட்டுமே என்று அதே அறிவிப்பில் போட வேண்டும். பொய்த்துப்போனால் அதே வேகத்தில், அதே கொட்டை எழுத்தில் வாபஸ் வாங்க வேண்டும், இடைப்பட்ட நாளின் விலை வித்தியாசத்தை அரசு தர வேண்டும். உணவு விஷமானால் டாக்டர்கள் தகவல் தர வேண்டும் என்று உத்தரவிட 65ஆம் பிரிவு உள்ள அதே சட்டத்தில் 35ஆம் பிரிவு இருக்கிறது, அதைத் தூசி தட்டி எடுங்கள். மண்டியில் குவியலுக்கு ஒரு சீட்டு போடுங்கள், அதற்கு நாமும் ஒத்துழைப்போம்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இந்த மனுவைக் கலெக்டர் கையில் கொடுக்கிறோம். காய்கறி போடுகிற ஒவ்வொருவரும், மண்டிச் சீட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திரளாக வாருங்கள்!