கதவுச் சட்டம் வெட்ட எந்த பிளேடு?

கேள்வி: ‘‘தோட்டத்தில் காற்றுக்குச் சாய்ந்த வேம்பை மில்லில் அறுத்து, ஒரு வருடத்துக்கு மேல் காய வைத்திருந்தோம். இப்போது வீட்டுக்கு இரண்டு கதவு செய்கிறோம். சட்டத்தை அளவுக்கு வெட்டினால் முனையில் நார் பிய்ந்து சிராய் கிளம்புகிறது. வெட்டிய இடம் கருகியும் விடுகிறது. இரும்பு வெட்டும் கிரைண்டரில் 4 அங்குல மர பிளேடு மாட்டித்தான் வெட்டுகிறோம். இதைவிட நல்ல பிளேடு எது?’’

- வாசகர், வேடசந்தூர் வட்டம்

முதலில் கிரைண்டரில் இருந்து அந்த பிளேடைக் கழற்றி வையுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

வேளாண்மை அலுவலருக்கும் ரம்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். மம்பட்டிக் கணை முதல் ஆட்டுப் பரண் வரை மரம் இல்லாமல் விவசாயம் இல்லையே. நான் வேலை பார்த்த ஒரு வட்டாரத்தில், பரணுக்குச் சட்டம் வெட்டிய விவசாயி ஒருவர் இதே மாதிரி கிரைண்டரில் மர பிளேடு மாட்டி, இடது கையில் இரண்டு விரல்களை இழந்தார். மானிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வரும்போது, தாளை அழுத்திப் பிடிக்க அவர் படும் சிரமத்தைப் பார்த்திருக்கிறேன்.

4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். இரும்பு வெட்டும் வட்டுக்குப் பல் கிடையாது, தேய்த்துக்கொண்டே போகும். மர பிளேடின் பல் நாரில் மாட்டினால் மெஷின் கையை விட்டுத் துள்ளும். மரத்தின் மேல் உட்காரும் அடித்தட்டும் அதில் இல்லை. பல கிரைண்டர்களில் கையை எடுத்தாலும் சுவிட்ச் அணையாது. டைல்ஸ் வெட்டும் மார்பிள் கட்டரில் அடித்தட்டு உண்டு என்பதால் அது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால், அதுவும் கல்லுக்காகச் செய்ததுதான். கீழ்ப்பக்கம் பல்லை மூடும் உறை அதில் இல்லை. 4 அங்குல பிளேடு ஒன்றேகால் அங்குல ஆழம்தான் இறங்கும் என்பதால், 2 அங்குலச் சட்டத்தைத் திருப்பிப் போட்டு இரண்டு தடவை வெட்ட வேண்டும். இரண்டு வெட்டும் நேராகச் சேர்வது கஷ்டம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சோளத்தட்டையைக் கூரான அரிவாளால் வெட்டினால் வெட்டு வழுவழுப்பாக இருக்கும். மழுங்கின அரிவாள் என்றால் நார் உரிந்து தொங்கும். மரமும் நார்க்கட்டுதான். நெடுக்காக அறுக்கும்போது பல் உளி மாதிரி நாரைச் சீவிக்கொண்டு போனால் போதும். குறுக்காக வெட்டும்போது ஒவ்வொரு நாரையும் கத்தி மாதிரி துண்டிக்க வேண்டும். அதனால் குறுக்கு வெட்டு பிளேடில் பற்களின் நுனி, ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமுமாகச் சாய்த்துத் தீட்டப்பட்டிருக்கும். கடையில் பிளேடைக் கையில் வாங்கி இதைத்தான் முதலில் பாருங்கள். நுனி தட்டையாக இருந்தால் அது நெடுக்கறுப்புக்கானது.

அடுத்தது பல்லின் எண்ணிக்கை. 7 அங்குல சர்க்குலர் சா மெஷினுக்கு 24 பல் பிளேடு நெடுக்கறுப்புக்கு. 40 பல் எல்லா வேலைக்கும் பொதுவானது. வைரம் பாய்ந்த மரத்தில் பிசிறில்லாத குறுக்கு வெட்டு வேண்டுமென்றால் 60 பல் வாங்குங்கள். ஆசாரி பட்டறையில் உள்ள 10 அங்குல மெஷினுக்கு 80 பல். பல் கூடினால் ஒவ்வொரு பல்லும் கடிக்கும் அளவு குறையும், சிராயும் குறையும். அதற்காக 60 பல் பிளேடால் நெடுக்கே அறுக்காதீர்கள். தூள் வெளியேற இடமில்லாமல் சூடேறிக் கருகும். பிளேடில் அச்சிட்டுள்ள அதிகபட்சச் சுற்று, உங்கள் மெஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நடுத்துளையும் மெஷின் தண்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும்.

எவ்வளவு நல்ல பிளேடு வாங்கினாலும், சட்டத்தை எந்தப் பக்கம் போட்டு வெட்டுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கையில் பிடிக்கும் சர்க்குலர் சாவின் பல் கீழிருந்து மேலாக ஏறி வெளியே வரும். சிராய் மேல்பக்கம்தான் கிளம்பும். அதனால் கதவில் வெளியே தெரிய வேண்டிய முகத்தைக் கீழே போடுங்கள். கை ரம்பம் தள்ளும்போது மேலிருந்து கீழாக வெட்டும். அதற்கு நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். வேம்புக்கு நார் பின்னிக் கிடக்கும் என்பதால் பென்சில் கோடு போதாது. கூரான கத்தியால் கோட்டை ஆழமாகக் கீறிவிட்டு, கீறலை ஒட்டி, வீணாகும் பக்கத்தில் வெட்டுங்கள்.

கருகுவதற்குப் பெரும்பாலும் மழுங்கின பல், பல்லில் படிந்த பிசின், தயங்கித் தயங்கி மெதுவாகத் தள்ளுவது இவைதான் காரணம். காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 650 கிலோ. கருவேலம் 800 கிலோ வரை வரும். கனத்த மரத்தில் மெஷினின் சத்தம் கம்மாமல் இருக்கும் வேகத்தில் ஒரே சீராகத் தள்ளுங்கள். சட்டத்தின் இரண்டு முனைக்கும் முட்டுக் கொடுத்து நடுவில் வெட்டாதீர்கள். மரம் தொய்ந்து பிளேடைக் கவ்வும், மெஷின் உங்கள் பக்கம் எகிறும். வெட்டிக் கழியும் துண்டு தானாக விழும்படி விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு கதவுக்காக மெஷின் வாங்கத் தேவையில்லை. கதவுக்கு நான்கைந்து சட்டம் என்றாலும், மொத்தம் இருபது வெட்டு இருக்குமா? அங்குலத்துக்கு எட்டு முதல் பத்து பல் உள்ள கை ரம்பம் ஒன்று போதும். அரை நாள் வேலை. அதற்கும் நேரமில்லை என்றால், அளவு குறித்து ஆசாரி பட்டறைக்குக் கொண்டுபோய் வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘‘மழுங்கின பிளேடை மறுபடி தீட்டலாமா?’’

- வாசகர், நிலக்கோட்டை

சாதாரண எஃகுப் பல் என்றால், முக்கோண அரத்தால் தீட்டிவிடலாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டே அரம் பிடித்த கைகள் செய்ததுதான். ஆனால், இப்போது வரும் சில கை ரம்பங்களின் பல் நுனி நீலம் பூத்திருக்கும். அது கடினப்படுத்திய பல், அரம் ஏறாது. கார்பைடு நுனி ஒட்டிய வட்ட பிளேடுக்கும் அரம் உதவாது. வைரச் சக்கரம் வைத்திருக்கும் பட்டறையில்தான் தீட்ட முடியும். அங்கே போகுமுன், பிளேடைக் கழற்றி, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பிசினைத் தேய்த்துப் பாருங்கள். பல சமயம் மழுங்கல் என்று நினைத்தது பிசினாகத்தான் இருக்கும். நுனி உதிர்ந்த பிளேடை மட்டும் திரும்ப மாட்டாதீர்கள். பழைய வீட்டு உத்திரம், நிலைக்கால் வெட்டுவதாக இருந்தால் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்து ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.