வெள்ளி நிறமும் எங்கட இமையும்

ஒக்டோபர் பிறந்தால் போதும், மேக்கப் கடைகளுக்கு ‘லிமிட்டட் எடிஷன்’ காய்ச்சல் பிடித்துவிடும். தங்க எழுத்துப் பெட்டி, உள்ளே பன்னிரண்டு குட்டிக் கிண்ணங்கள், “முடிஞ்சால் முடிஞ்சதுதான், திரும்ப வராது” என்ற வெருட்டு வேற. இந்த முறை எங்கட வீட்டுக்கு அப்படி ஒரு ஐஷடோ பலெற் வந்து சேர்ந்தது. பதினைந்து வயது மகள் பேபிசிட்டிங் செய்து சேர்த்த காசில் 68 டொலர். எந்தக் கொம்பனி என்று எழுதப்போறதில்லை. நான் சொல்லப்போற குறை அந்த ஒரு கொம்பனியோட நிக்கிறதும் இல்லை.

லிமிட்டட் எடிஷனில் எங்களுக்கென்று ஒரு தனிப் பிரச்சினை இருக்கு. வருசக்கணக்காக விற்கிற பலெற் என்றால், எங்கட நிறத்துக்காரி யாராவது போட்டுப் பார்த்து, படம் எடுத்து, நல்லதோ கெட்டதோ சொல்லியிருப்பாள். இதில் அவள் வாங்கிப் பார்த்துச் சொல்ல முதலே சரக்கு முடிஞ்சிடும். கையில் இருக்கிறது விளம்பரப் படம் மட்டும்தான். அந்தப் படத்தில் நிறத்தைத் தேய்ச்சுக் காட்டுற கை பெரும்பாலும் வெள்ளைக் கை.

சனிக்கிழமை காலை ஜன்னலடியில் இருந்து இரண்டு பேரும் பன்னிரண்டையும் போட்டுப் பார்த்தோம். ஜன்னலடி முக்கியம். பாத்ரூம் மஞ்சள் லைட்டில் எல்லாம் வடிவாத்தான் தெரியும். உள்ளங்கைப் பக்கத்தில் தேய்ச்சுப் பார்த்து முடிவெடுக்கவும் வேண்டாம். எங்களில் கனபேருக்குக் கண்ணிமை கன்னத்தை விடவே ஒரு படி கறுப்பு, கையின் உட்பக்கமோ எல்லாத்திலும் வெளிர்.

செம்பு நிறம், செங்கல் நிறம், கத்தரிப்பூ நிறம், தங்கம் கலந்த போத்தல் பச்சை, கறுப்பில் நீலம் மின்னுற ஒன்று. இந்த ஐந்தும் அபாரம். ஒருதரம் விரலால் ஒற்றினாலே போதும். வெள்ளைத் தோலில் இந்தச் செம்பு இவ்வளவு எடுபடுமா என்று எனக்குச் சந்தேகம்தான். மண்ணிறங்கள் மூன்று இமை நிறத்தோடயே கலந்து மறைஞ்சு போச்சு, மடிப்பில் போட உதவும். மிச்சம் நாலும்தான் கதை. முத்து வெள்ளி, இளம் ரோஸ், லைலாக், கிரீம். போட்டதும் இமையில் திருநீறு பூசின மாதிரி.

மகள் கண்ணாடியைக் கீழே வைச்சாள். “என்ட ஸ்கின் டார்க் எண்டபடியால்தான் அம்மா, எனக்கு வருதில்லை.”

ஒரு பெட்டிப் பவுடர் ஒரு பிள்ளையை இப்படிச் சொல்ல வைச்சிட்டுதே! “வெயிலுக்க நிக்காத, கறுத்துப் போவாய்” என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அம்மம்மாவின் அலுமாரியில் இருந்த ஃபெயார் அண்ட் லவ்லி டியூபை எங்கட வயதுக்காரர் எல்லோருக்கும் தெரியும். 2020 இல் அதன் பெயர் ‘குளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. எங்கட பிள்ளைகளுக்கு யாரும் அந்த டியூபைக் கொடுக்கிறதில்லை. ஆனால் அதே வசனம் இப்ப 68 டொலர் குடுத்து, வேற வழியால வீட்டுக்குள்ள வருது.

அறிவுரை சொல்ல எனக்கு மனமில்லை. பலெற் வந்த பார்சல் பெட்டி மேசையில் கிடந்தது. அந்த மண்ணிற மட்டையில் லைலாக்கைத் தேய்ச்சேன், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளிலும் தேய்ச்சேன். தாளில் அசல் லைலாக். மட்டையில் அதே சாம்பல். “பார், இது மட்டைக்கும் சரிவரேல்லை” என்றேன். சிரிச்சுப் போட்டாள்.

காரணம் பெட்டிக்குப் பின்னால சின்ன எழுத்தில் இருக்கு. வெளிர் நிறம் வர டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெள்ளைப் பொடியைக் கலக்கிறார்கள், கூட டால்க், மைக்கா. வெள்ளைத் தோலில் அந்த வெள்ளை தெரியாது. எங்கட தோலில் அது மேலே தனியா நிண்டு சாம்பலாக் காட்டும். கறுத்த தோலை மனதில் வைச்சுச் செய்தால் வெளிர் நிறமும் எடுபடும், அதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பாட் மெக்ராத் ஜமெய்க்காவில் இருந்து இங்கிலாந்துக்கு வந்த தாயின் மகள். தங்கட நிறத்துக்குப் பொருந்துற மேக்கப் தேடி அம்மாவோட கடைகளில் அலைஞ்சதைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைதான் 2015 இல் ‘கோல்ட் 001’ என்ற தங்க நிறத்தை 1,000 பெட்டி மட்டும் வெளியிட்டு ஆறு நிமிடத்தில் விற்று முடித்தது. அதுவும் லிமிட்டட் எடிஷன்தான், ஆனால் அதைச் செய்தவருக்கு எங்களைப் போன்ற இமையும் தெரியும்.

ஏற்கெனவே வாங்கியாச்சு என்றால் தூக்கி எறியத் தேவையில்லை. வெறும் இமையில் போடாமல், முதலில் கண்மைப் பென்சிலை மெல்லிசாப் பூசி விரலால் பரப்புங்கோ. அதுக்கு மேல வெள்ளி நிறத்தை ஈரப் பிரஷால் ஒற்றினால் சாம்பல் போய் உலோகம் மாதிரி மின்னும். லைலாக்கும் ஓரளவு தப்பியது. கிரீம் நிறத்துக்கு மட்டும் எந்த வைத்தியமும் இல்லை.

பெட்டியைத் திருப்பினபடியே இன்னும் இரண்டு விஷயம் பாருங்கோ. கார்மைன் அல்லது சி.ஐ. 75470 என்று இருந்தால், அந்தச் சிவப்பு கள்ளியில் வாழுற ஒரு பூச்சியில் இருந்து எடுத்தது. சைவ வீடுகளில் பிள்ளைக்குச் சொல்லிவிட்டால் அவளே முடிவெடுப்பாள். மற்றது, பளிச்சென்ற நியோன் நிறங்கள் சிலதில் ‘கண்ணைச் சுற்றிப் பூச அல்ல’ என்று எழுதியிருக்கும். அமெரிக்காவில் கண் பகுதிக்கு அனுமதி இல்லாத சாயங்களை ‘பிரெஸ்ட் பிக்மென்ட்’ என்ற பெயரில், ஐஷடோ பெட்டி மாதிரியே செய்து விற்கிறார்கள். மூடி திறந்த டப்பா படத்துக்குள் 12 எம் என்று இருந்தால் திறந்த நாளில் இருந்து பன்னிரண்டு மாதம். பள்ளிக்கூடத்தில் சிநேகிதிகளோட பிரஷ் மாத்துறதை மட்டும் நான் விடமாட்டன். கண் நோய் ஒன்று வந்தால் வகுப்பே சிவக்கும்.

இப்ப செம்பு நிறம் அரைவாசி முடிஞ்சு அடித்தகரம் தெரியுது. சித்தியின் கலியாணத்துக்குப் பச்சையும் தங்கமும் என்று அவளே முடிவெடுத்து வைச்சிருக்கிறாள். கிரீம் நிறம் தம்பிக்குப் போய்விட்டது. ஹலோவீனுக்கு அவன் பேய். கன்னத்துக்கு மட்டும், பஞ்சால, கண்ணுக்குக் கிட்டப் போகக் கூடாது என்ற நிபந்தனையோட.