நம்பிக்கை கூடப் பிறந்ததா?

ஒரே தாய் வயிற்றில் பிறந்த அக்காவும் தம்பியும். பஸ்ஸைத் தவறவிட்டால் அக்கா, "விடு, அடுத்தது காலியா வரும், உட்கார்ந்தே போகலாம்" என்பாள். தம்பி, "இன்னைக்கு யார் முகத்துல முழிச்சேனோ" என்று ஆரம்பிப்பான். பாட்டி உடனே தீர்ப்பு எழுதிவிடுவார்: "அவ தாத்தா மாதிரி, இவன் அப்படியே அவங்கப்பன்!"

பிறவிக் குணம் மாறாது என்பது பாட்டியின் கட்சி. "எல்லாம் மனசுதான், நினைச்சா மாத்திக்கலாம்" என்பது தினமும் வாட்ஸ்அப்பில் சூரியோதயப் படம் அனுப்பும் சித்தப்பாவின் கட்சி. யார் சொல்வது சரி?

பாட்டியிடம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஸ்வீடனில் 500-க்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1992-ல் வெளியானது. சிறு வயதிலேயே பிரிந்து வெவ்வேறு வீடுகளில் வளர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். நம்பிக்கை விஷயத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் சுமார் கால் பங்குக்குத்தான் மரபணு காரணம் என்று அதில் தெரிந்தது. மிச்சம் முக்கால் பங்கு வாழ்க்கை தந்தது. அப்படியானால் சித்தப்பா ஜெயித்துவிட்டாரா என்றால், அதுவும் இல்லை.

இந்தக் கேள்வியோடு ஐம்பது வருடம் மல்லுக்கட்டியவர்கள் இரண்டு பேர். மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர். 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருவரும் மாணவர்கள். அவர்கள் செய்த சோதனையைப் படிக்கவே மனசு சங்கடப்படும். இன்றைக்கு அப்படியொரு சோதனைக்கு அனுமதி வாங்குவது கஷ்டம்.

நாய்களுக்கு மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரு குழு நாய்கள் பக்கத்தில் உள்ள பலகையைத் தலையால் அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் அந்த நாய்கள் என்ன செய்தாலும் நிற்காது. மறுநாள் எல்லா நாய்களையும் தாழ்வான தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விட்டார்கள். தடுப்பைத் தாண்டிக் குதித்தால் போதும், தப்பித்துவிடலாம். முதல் குழு குதித்தது. இரண்டாம் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு நாய்கள் முனகிக்கொண்டு அங்கேயே படுத்துவிட்டன. 'எதைச் செய்தும் பயனில்லை' என்று அவை கற்றுக்கொண்டன என்று இருவரும் எழுதினார்கள். உலகமெங்கும் உளவியல் பாடப் புத்தகங்களில் அது ஏறியது.

படுத்துவிட்ட நாய்களை எழுப்ப அவர்கள் பட்ட பாடுதான் நமக்கு முக்கியம். தடுப்பை எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். தீனி போட்டுப் பார்த்தார்கள். நாய்கள் அசையவில்லை. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி, அந்தப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். முதலில் பலமாக இழுக்க வேண்டியிருந்தது. போகப் போக லேசாக இழுத்தாலே போதும் என்றானது. பிறகு நாய்கள் தாமாகவே தாண்டின.

சித்தப்பாவின் சூரியோதயப் படம் ஏன் வேலை செய்வதில்லை என்பது இங்கே புரியும். அது, தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவது மாதிரி.

கதை இதோடு முடியவில்லை. மையர் பிறகு மூளை ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். எலிகளின் மூளையை வருடக்கணக்கில் ஆராய்ந்தார். 2016-ல் அவரும் செலிக்மனும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் பழைய விளக்கம் தலைகீழ் என்பதுதான் அதன் சாரம். சோர்ந்து படுப்பதை யாரும் கற்றுக்கொள்வதில்லை. நீண்ட துன்பம் வந்தால் மூளையின் அடித்தண்டு தானாகவே உடம்பை முடக்கிப் போடுகிறது. அதுதான் பிறவியிலேயே வருவது. 'இதில் என் கை ஓங்கும்' என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது. கற்ற பிறகு மூளையின் முன்பகுதி அந்த முடக்கத்தை அடக்கிவிடுகிறது. ஒருமுறை கற்றுக்கொண்ட எலி, அடுத்த முறை தன்னால் நிறுத்தவே முடியாத தொல்லை வந்தாலும் அவ்வளவு சீக்கிரம் சுருண்டு போவதில்லை.

செலிக்மனே இயல்பில் அவநம்பிக்கைக்காரர்தான். அதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

கணக்கில் மூன்று பரீட்சையாக ஃபெயிலாகும் பையனை எடுத்துக்கொள்வோம். "நம்பிக்கையோட படிடா" என்பது அவன் காதில் ஏறாது. அவன் பிடிவாதக்காரன் என்பதால் அல்ல, முயன்றால் விடை வரும் என்ற அனுபவமே அவனுக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆறாம் வகுப்புக் கணக்காக இருந்தாலும் பரவாயில்லை, அவனால் போட முடிகிற நாலு கணக்கிலிருந்து தொடங்கலாம். முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்து இழுக்கத்தான் வேண்டியிருக்கும். (மனச்சோர்வு நோயாகவே மாறியிருந்தால் அது வேறு விஷயம். அதற்கு டாக்டர் வேண்டும்.)

பையனைப் பற்றிக் கவலைப்பட ஆள் உண்டு. வீட்டுப் பெரியவர்கள் விஷயத்தில்தான் பாசத்தாலேயே தவறு நடக்கிறது. "அப்பா, நீங்க சும்மா உட்காருங்க, நாங்க பார்த்துக்கறோம்." கேஸ் புக் பண்ணுவது, கரண்ட் பில் கட்டுவது, மார்க்கெட் போவது என்று ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போகிறது. ஆறு மாதத்தில் அப்பா, "இனிமே எனக்கென்ன இருக்கு" என்கிறார். வயசாகிவிட்டது என்று வீடு முடிவு செய்கிறது.

எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரு உளவியலாளர்கள் 1976-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லம். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் அறை, உங்கள் நாள், முடிவு உங்களுடையது" என்றார்கள். தொட்டிச் செடி காட்டி, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு மாடியிலும் செடி கொடுத்தார்கள். ஆனால் தண்ணீரை நர்ஸ் ஊற்றிவிடுவார். அங்கே இருந்தவர்களிடம், "எல்லாவற்றையும் நாங்கள் கவனித்துக்கொள்கிறோம்" என்றார்கள்.

கவனிப்பில் எந்தக் குறையும் இல்லை. இருந்தும் மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. தண்ணீர் ஊற்றியவர்கள்தான் சுறுசுறுப்பாக இருந்தார்கள், மற்றவர்களோடு பேசினார்கள், சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னார்கள். இத்தனைக்கும் அவர்கள் கையில் வந்தது ஒரு தொட்டிச் செடியும், சினிமாவை எந்த ராத்திரி பார்ப்பது என்ற முடிவும்தான்.