கையைக் கடிக்கக் கத்துக்கொடுத்தது யாருங்க?

எங்க காலனியில (நாக்பூர்தான்) ஒரு தமிழ்க் குடும்பம் போன மாசம் அவங்க லேப்ரடாரை யாருக்கோ கொடுத்துட்டாங்க. ஒன்பது மாசக் குட்டி. பையன் கையைக் கடிச்சிடுச்சாம். "கடிக்கிற ஜாதி சார் அது"ன்னார் அப்பா.

ஜாதியா? ஆறு மாசமா தினம் சாயங்காலம் வெறுங்கையை அது வாய்க்குள்ள விட்டு ஆட்டி, உசுப்பேத்தி, அது கவ்வினா வீடே கைதட்டினதை எதிர் பால்கனியிலேர்ந்து பார்த்தவன் நான். அப்போ பால்பல்லு. ஆறேழு மாசத்துக்குள்ள 28 பால்பல்லும் விழுந்து 42 நிஜப்பல்லு வந்துடும். நேத்து வரைக்கும் சிரிச்ச விளையாட்டு இன்னிலேர்ந்து குத்தம்னு அதுக்கு சர்க்குலரா அனுப்ப முடியும்?

இன்னொரு கொடுமை. கடிச்ச மறுநாளே நாயை அனுப்பிட்டாங்க. கடிச்ச நாயை 10 நாள் கண் முன்னாடி வெச்சுப் பார்க்கணும்ங்க. பையனுக்கு ஊசி போட்டாங்க, அந்த மட்டும் சரி.

உடனே இன்னொரு கோஷ்டி கிளம்பும்: "முரட்டு விளையாட்டே கூடாது, கயித்துல அதை ஜெயிக்க விட்டா தலைமேல ஏறிடும்." அதுவும் கதைதான். 2002ல ரூனி, பிராட்ஷான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 14 கோல்டன் ரெட்ரீவர்களோட கயிறு இழுத்து, ஜெயிக்க விட்டும் தோக்கடிச்சும் பார்த்தாங்க. ஜெயிச்ச நாய் எதுவும் எஜமானாகிடலை. நம்ம ஊர்ல சித்தி பசங்க, மாமா பசங்கன்னு கட்டிப் புரள ஆள் இருக்கும். இங்க நம்ம பசங்களுக்கு யார் இருக்கா? நாயையும் தொடாதேன்னா எப்படி?

நானும் யோக்கியன் இல்லை. மூணு வருஷம் முன்னாடி, நான் பழக்கின கைவிளையாட்டுல எங்க நாட்டு நாய் என் பையன் மணிக்கட்டைக் கீறிடுச்சு. எதிர்வீட்டு மாமி மஞ்சப்பொடியோட ஓடி வந்தாங்க! தடுத்து, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவி டாக்டர்கிட்ட ஓடினோம். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தும் பையனுக்கு 0, 3, 7, 28ன்னு நாலு நாள் ஊசி.

அதுக்கப்புறம் எங்க வீட்ல கை கிடையாது, கயிறு மட்டும்தான். தாழ்வாப் பிடிச்சு பக்கவாட்டுல இழுக்கணும், மேல தூக்கினா கழுத்து போயிடும். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் "விடு". விட்டா பிஸ்கட் துண்டு, திரும்பக் கயிறு. பல்லு தோல்ல பட்டா அடி கிடையாது, எழுந்து போயிடுவேன். அதைவிடப் பெரிய தண்டனை அதுக்கு இல்லை. விளையாட்டுல உறுமினா பயப்படாதீங்க. ஆனா உடம்பு விறைச்சாலோ, வாலை இடுக்கிக்கிட்டு முகத்தைத் திருப்பினாலோ அந்த நிமிஷமே நிறுத்திடணும். பையனைத் தனியா விளையாட விடறதில்லை.

அந்த வீட்டுப் பையன் இப்போ சாயங்காலமானா எங்க வாசல்ல வந்து நிக்கிறான். கயித்தோட இந்தப் பக்கத்தை அவன் கையில கொடுக்கட்டுமான்னு அவங்க அப்பாகிட்ட கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னிருக்கார்.