பாதிப் பணம் மிச்சம்!

2012. கோவையில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூடக் கரண்ட் இருக்காது. எங்கள் இன்வெர்ட்டரின் இரண்டு பேட்டரிகளில் ஒன்று படுத்துவிட்டது.

"ரெண்டையும் சேத்து மாத்தீருங்ணா" என்றார் மெக்கானிக்.

நான் பி.காம். ஆச்சே! ஒன்று மட்டும் புதுசு வாங்கி, நாலு வருஷப் பழசோடு கோக்கச் சொன்னேன். பாதிப் பணம் மிச்சம்!

ஒரே வரிசையில் கோத்தால் இரண்டிலும் ஒரே கரண்ட்தான் ஓடும். சார்ஜ் ஏறும்போது பழசு சீக்கிரம் நிரம்பிக் கொதிக்கும். புதுசுக்கு அரை வயிறு. இறங்கும்போதும் பழசு முதலில் மண்டையைப் போடும்; புதுசில் மிச்சமிருந்தும் பிரயோஜனமில்லை.

ஒரு நள்ளிரவு, மூச்சிரைத்த அம்மாவுக்கு வைத்த நெபுலைசர் பாதியில் நின்றது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அங்கே வைத்துத்தான் மூச்சு சீரானது.

அம்மா மெதுவாகக் கேட்டாள்: "எவ்வளவு மிச்சம் புடிச்சே, கண்ணு?"