ஆடையைக் களைபவர் யார்?

மனிதனுக்கு முதன்முதலில் ஆடை செய்தளித்தவர் இறைவனே என்கிறது தொடக்க நூல் (3:21). ஏதேனைவிட்டு வெளியேற்றும் முன் ஆதாமையும் ஏவாளையும் தோலாடை உடுத்தியே அவர் அனுப்பினார். தண்டித்த கரங்களே மானத்தையும் காத்தன. ஆகவே ஆடை என்பது, வீழ்ந்த மனிதனின் மாண்பைச் சுற்றி இறைவன் இட்ட வேலி. அந்த வேலி இன்று மேலைநாட்டு ஆடை அணிவகுப்பு மேடைகளில் படும் பாட்டைச் சற்றே சிந்திப்போம்.

1946-இல் லூயி ரேயார் என்பவர் பாரிஸ் நகரில் பிகினி நீச்சலுடையை அறிமுகம் செய்தபோது, அதை அணிந்து காட்ட மாடல் பெண்கள் முன்வரவில்லை. ஆடையின்றி ஆடும் நடனப் பெண் ஒருவரையே அவர் அழைத்து வர நேர்ந்தது. 1960-களின் பிற்பகுதியில் ஈவ் சேன் லோரான் மார்பு தெரியும் மெல்லாடையை மேடையேற்றினார், பலர் அதிர்ந்தனர். இன்றோ அத்தகைய ஆடைகள் பருவந்தோறும் வருகின்றன, அதிர்வார் இல்லை. 2022 செப்டம்பரில் கோப்பர்னி நிறுவனத்தின் பாரிஸ் மேடையில், ஏறக்குறைய ஆடையின்றி வந்து நின்ற பெல்லா ஹடிட் என்னும் புகழ்பெற்ற மாடலின் மேனிமீது, அனைவரும் காண, நூலிழைக் கலவையைத் தெளித்து ஆடை உருவாக்கினர். அரங்கம் ஆரவாரித்தது. அதிர்ச்சி கைதட்டலாக மாறிவிட்டது.

இம்மாற்றத்தை விடுதலை என்கின்றனர் விமர்சகர். பெண் தன் உடலைக் குறித்த நாணத்தை வென்றுவிட்டாளாம்!

விடுதலை என்றால் மறுக்கும் உரிமையும் அதில் அடங்க வேண்டும். மேடையின் பின்புறம் சென்று பாருங்கள். ஓர் ஆடையைக் களைந்து மற்றொன்றை அணிய அங்கே சில நிமிடங்களே உண்டு. ஒப்பனையாளரும் உதவியாளரும் நிழற்படக்காரரும் நடமாடும் இடத்திலேயே அப்பெண்கள் உடைமாற்றி வந்தனர். நியூயார்க் ஆடை வாரத்தில் அவர்களுக்கென்று தனி மறைவிடம் ஏற்பாடானது 2018 பிப்ரவரியில்தான். கோடிகள் புரளும் தொழிலில் ஒரு திரைச்சீலை தொங்கவிட இத்தனை காலம்! அத்திரைக்காகப் போராடியவர்கள் மடத்துக் கன்னியர் அல்லர். அம்மேடைகளில் நடந்து பிழைக்கும் பெண்களே. நாணம் என்பது மதவாதிகள் சுமத்திய நோய் என்றால், இவர்கள் ஏன் திரை கேட்டார்கள்?

எல்.வி.எம்.எச்., கெரிங் ஆகிய இரு பெரும் பிரெஞ்சு நிறுவனங்கள், 16 வயது நிரம்பாத சிறுமியரை வளர்ந்த பெண்களாக மேடையேற்றமாட்டோம் என்று 2017-இல் உறுதி கூறின. உறுதி கூற வேண்டியிருந்ததே பழைய வழக்கத்திற்குச் சான்று. விரும்பி வருவோரும் உண்டே என்பர். உண்டு. ஆனால் புகழின் உச்சியில் இருப்பவர் மறுத்தால் இழப்பது ஒரு மாலைப்பொழுது. புதிதாய் வந்தவள் மறுத்தால் இழப்பது பிழைப்பு.

திருச்சபைக்கு உடல் என்றாலே அச்சம் என்ற பழிச்சொல்லும் கேட்கிறது. சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் மேனிகளுக்கு 16-ஆம் நூற்றாண்டில் மறைப்பு வரையப்பட்டது உண்மையே. எனினும் பிற்காலத்தில் சேர்ந்த மறைப்புகளில் சில அண்மைப் புதுப்பிப்பில் நீக்கப்பட்டன. 1994 ஏப்ரலில் அங்கே திருப்பலி நிறைவேற்றிய புனித இரண்டாம் யோவான் பவுல், அச்சிற்றாலயத்தை மனித உடலின் இறையியலுக்குரிய திருத்தலமாகவே போற்றினார். அவ்வோவியத்தில் மனிதன் தன்னைப் படைத்தவர் முன் நிற்கிறான். அணிவகுப்பு மேடையிலோ அவன் வாங்குவோர் முன் நிறுத்தப்படுகிறான். உடல் ஒன்றே, அதை நோக்கும் கண்களே வேறு.

நம்மவருக்கும் ஒரு சொல். இத்தகைய படத்தைக் கண்டதும் ‘மானங்கெட்டவள்’ என்று அப்பெண்ணைத் தூற்றுகிறோம். விபசாரத்தில் பிடிபட்டவளென்று ஒரு பெண்ணை மட்டும் இயேசுவின் முன் இழுத்து வந்தவர்களும் அவளோடிருந்த ஆணை விட்டுவிட்டே வந்தனர். முதல் போட்டவனும், முன்வரிசையில் அமர்ந்து கைதட்டியவனும், அப்படத்தைக் கைபேசியில் மீண்டும் மீண்டும் பார்ப்பவனும் நம் கல்லுக்குத் தப்பிவிடுகின்றனர். அந்த மூன்றாமவன் நம் வீட்டிலேயே இருக்கக்கூடும்.

சிலுவைப் பாதையின் பத்தாம் நிலையில் நாம் முழந்தாளிடுகிறோம். அங்கே ஆண்டவரின் ஆடைகளைப் பிறர் களைந்தனர்; களைந்தவர்களே அவற்றைப் பங்கிட்டுத் தையலில்லா அங்கிக்குச் சீட்டும் போட்டனர். இலாபம் களைந்தவனுக்கு, அவமானம் களையப்பட்டவருக்கு என்னும் அந்தக் கல்வாரிக் கணக்கு இன்றைய மேடைகளிலும் மாறவில்லை. ஆடையின்றி நிற்கும் மீட்பரை நோக்கி நாம் ஒருபோதும் கல்லெறிவதில்லை; களைந்த கைகளையே கண்டிக்கிறோம். அதே நீதியை, மேடையில் நிற்கும் பெண்ணுக்கும் வழங்குவோமா?